ஃபோரேயா, ஷமினாதா: மூச்சுக் கணக்கில் ஓர் ஒப்பீடு

புல்லாங்குழலுக்கும் பியானோவுக்குமான சிறு படைப்பு ஒன்றை மேடைக்குத் தேடுபவர் முன் பெரும்பாலும் வந்து நிற்பவை பிரெஞ்சு இசையமைப்பாளர்களான கேப்ரியல் ஃபோரேயின் ‘ஃபான்டசி’யும் (ஓபஸ், அதாவது படைப்பு எண் 79) செசில் ஷமினாதின் ‘கான்செர்டீனோ’வும் (ஓபஸ் 107). இரண்டும் பாரிஸ் கன்சர்வேட்வார் என்ற இசைக் கல்லூரியின் ஆண்டுப் போட்டித் தேர்வுக்காக எழுதப்பட்டவை. முன்னது 1898, பின்னது 1902. அங்கு குழல் பேராசிரியராக இருந்த பால் தஃபனெலுக்கே இரண்டும் காணிக்கை. விரல் வேகத்தையும் நாதத்தையும் ஒருங்கே சோதிப்பவை என்பதால் கடினத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. நான் தேர்ந்துகொண்டது ஃபோரேயை.

தீர்மானித்தது மூச்சு. குழலில் ஊதும் காற்றில் கணிசமான பகுதி துளையின் விளிம்பைத் தாண்டி வீணாகவே போகிறது. குறுகிய நாணல் சீவாளி வழியே ஊதுவதால் காற்று மிஞ்சித் தவிக்கும் ஓபோ வாத்தியக்காரருக்கு இந்தக் கவலை புரியாது. ‘ஃபான்டசி’யின் முதற்பகுதி இ மைனரில், 6/8 தாளத்தில் நிதானமாக நடக்கும்போது, பியானோ சீரான நடையில் தொடர்ந்துகொண்டே இருப்பதால், குழல் எங்கே மூச்செடுத்தாலும் அது கேட்டுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு இடத்தையும் பென்சிலால் குறித்து, எங்கே நிறைய இழுப்பது, எங்கே ஒரு சிட்டிகை போதும், எந்த உச்சத்துக்குக் காற்றைச் சேமிப்பது என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்தத் திட்டம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால், பியானோவின் அதே மாறாத நடை குழலுக்குப் பிடிமானமாகிவிடுகிறது. மேடைப் பதற்றத்திலும் வேகம் தடுமாறுவதில்லை. பின்னர் வரும் சி மேஜர் துரித பகுதியில் விரல்களுக்குத்தான் வேலை. சாதகம் செய்தால் வந்துவிடும்.

டி மேஜரில் அமைந்த ‘கான்செர்டீனோ’ மூச்சு விஷயத்தில் தாராளமானது. மெட்டு சற்று நெகிழ்ந்து வாசிக்க இடம் தருகிறது, குழல் தனித்து ஒலிக்கும் கடென்சாவும் உண்டு. அந்த நெகிழ்வே எனக்குத் தயக்கம் தந்தது: குழல் நிற்கும் இடத்தில் நின்று, ஓடும் இடத்தில் ஓடக்கூடிய பியானோ துணை அமைந்தால்தான் அது எடுபடும். ஒத்திகைக்கு நேரம் குறைந்தவர்களுக்கு ஃபோரேயே பாதுகாப்பு.

ஷமினாத் தானே அமைத்த ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தோடு ‘கான்செர்டீனோ’வை வாசித்த அனுபவம் எனக்கில்லை, பியானோ வடிவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். கைதட்டல் முக்கியமென்றால் அதன் விரைந்தோடும் முடிவுக்கு ஈடில்லை. ஃபோரேயைவிட ஓரிரு நிமிடம் நீளம் என்பதை மட்டும் நிகழ்ச்சி நிரலில் கணக்கில் கொள்ளவும்.