ஒரு கேட், இரண்டு வெல்டர்கள், 8 ஆண்டுகள்

வீட்டின் இரும்பு வேலைகளை அக்கம்பக்கத்து வெல்டர்களிடம் கொடுத்து வாங்கத் தொடங்கி 8 ஆண்டுகள் ஆகின்றன. சன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக்கான தாங்கி என்று எத்தனையோ செய்தாகிவிட்டது. ஆனால் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி வாசல் கேட்டிலிருந்து வந்தது; அதை ஒருவர் செய்தார், இன்னொருவர் திருத்தினார்.

முதலாமவர் வேகமானவர். இரண்டே நாளில் கேட்டைச் செய்து, பெயிண்ட் அடித்து, மாட்டியும் விட்டார். அன்று பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அடிச்சட்டத்திலிருந்து செம்பழுப்புக் கோடு ஒன்று தரையில் வழியத் தொடங்கியது. துடைத்துவிட்டுப் பெயிண்ட் பூசினேன். அடுத்த மழைக்கு மறுபடியும் வந்தது.

அழைத்ததற்கு ஒரு வாரம் கழித்து வந்த இரண்டாமவர், சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போய், ஓசை மந்தமான இடத்தில் நின்று, அடிப்பக்கத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டார். செங்கல் கரைத்த நிறத்தில் தண்ணீர் கொட்டியது. நிலைச்சட்டங்களாக நின்ற ஸ்கொயர் ட்யூபுகளின் மேல்முனைகள் மூடப்படாமலே விடப்பட்டிருந்ததால், மழைநீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியில்லாமல் தேங்கி, அடிச்சட்டத்தை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. வெளியே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் அதற்கு மருந்தாகியிருக்காது.

பற்றவைத்த பழைய இணைப்புகளை, அதாவது பற்றுகளை, அவர் கிரைண்டரால் தேய்த்தபோது வேறு சிலவும் வெளிப்பட்டன. ட்யூபின் சுவர் 1.2 மி.மீ. மட்டுமே. அவ்வளவு மெல்லிய தகட்டுக்கு 2.5 மி.மீ. ராடும் (பற்றவைக்கும்போது உருகி இணைப்பாகும் குச்சி) குறைந்த கரண்டும் போதும்; 3.15 மி.மீ. ராடை அதற்குரிய 100 ஆம்பியருக்கு மேல் வைத்து ஓட்டினால் தகடு உருகி ஓட்டை விழும். விழுந்த ஓட்டைகள் பட்டிப் பசையால் அடைக்கப்பட்டு, அதன்மேல் பெயிண்ட் பூசப்பட்டிருந்தது. பற்றின் மேல் ஓடாகப் படியும் கசடைத் தட்டி எடுக்காமலே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்த இடங்களில் பூச்சு செதில்செதிலாக உரிந்தது. துருவையும் பழைய பெயிண்டையும் நீக்கி இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அவர் ராடைக் கையில் எடுக்கவில்லை. “பெயிண்டு மேல பத்தவச்சா பிடிச்ச மாதிரி தெரியும் சார், பிடிக்காது” என்றார்.

கூலி பேசும் முறைக்கும் தகட்டின் கனத்துக்கும் உள்ள தொடர்பு எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. பொருளையும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால், மெல்லிய ட்யூப் போடுவது செய்பவருக்கு லாபம். கிலோவுக்கு என்று பேசினால் அந்த ஆசை எழாது, ஆனால் தேவையில்லாத இடத்திலும் கனம் ஏறக்கூடும். 40 மி.மீ. ஸ்கொயர் ட்யூப் 2 மி.மீ. கனத்தில் மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, 1.6 மி.மீ. என்றால் சுமார் 1.9 கிலோதான். உருட்டுக் கம்பிக்குக் கணக்கு இன்னும் எளிது: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கான எடை கிலோவில் கிடைத்துவிடும், 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. இப்போதெல்லாம் எப்படிப் பேசினாலும் தகட்டின் கனத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பொருள் வந்திறங்கியதும் வெட்டுமுனையில் கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

எல்லாக் குறையையும் வெல்டர் தலையில் போடுவதும் நியாயமில்லை. கிரில்லை வீட்டிலேயே வைத்து அறுத்த நாளில், அருகிலிருந்த சன்னலை மூடி மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டிங் வீலிலிருந்து தெறித்த பொறிகள் கண்ணாடியில் உருகிப் பதிந்து, தடவினால் மணல்தாள் போல் நெருடும் புள்ளிகளாக இன்றுவரை இருக்கின்றன. டைல்ஸ் மீது படிந்த இரும்புத் தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்ததும் என் வேலைதான். மறுநாள் காலையில் தரை முழுவதும் துருப்புள்ளிகள். நனைத்த சாக்கு ஒன்று விரித்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

மாடிப்படிக் கைப்பிடிக்கு ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், வாங்கியிருந்தேன். சுற்றிலும் சுவர் சூழ்ந்த படிக்கட்டுக்குள் வைத்துப் பற்றவைக்க இரண்டாமவர் மறுத்தார். சாக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆகவே பைப் பற்றுவதற்கு முன்பே அதன் பூச்சு வெண்புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரலாம். பற்றவைக்கும் முனைகளில் பூச்சைத் தேய்த்தெடுத்து, திறந்த வெளியில் வைத்து வேலையை முடித்தார். தேய்த்த இடத்துக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தார். அந்தக் கைப்பிடியில் 5 ஆண்டுகளாகத் துரு இல்லை.

இத்தனை சொன்னதால் அவரைக் குறையற்றவர் என்று கொள்ள வேண்டாம். சொன்ன நாளில் அவர் வந்ததாக எனக்கு நினைவில்லை. பெயிண்ட் வேலையில் அவருக்குச் சற்றும் பொறுமை கிடையாது. பிரைமரோடு அவரை அனுப்பிவிட்டு மேற்பூச்சை நானே அடித்துக்கொள்கிறேன். பற்றுகளைத் தேய்த்து வழவழப்பாக்கவும் மாட்டார். தேய்த்தால் பலம் போய்விடும் என்பது அவர் வாதம். கைபடும் இடங்களில் மட்டுமாவது பிசிறு எடுக்கும்படி ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் பற்றவைப்பதற்கு முன் ரசமட்டமும் மூலைமட்டமும் வைத்துப் பார்ப்பதில், நான்கு மூலையிலும் முதலில் புள்ளியாகப் பிடித்துவிட்டு, மூலைவிட்டங்களை அளந்த பிறகே முழுப் பற்றுக்குப் போவதில், அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. சூட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டால் பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு என்பது அவருக்குத் தெரியும்.

கேட்டின் அடிச்சட்டம் 2 மி.மீ. ட்யூபாக மாறி 6 ஆண்டுகள் ஆகின்றன. மேல்முனைகளில் மூடி உண்டு, கீழே இரண்டு துளைகளும் உண்டு. சென்ற மாதம் கேட் தரையில் உரசுகிறது என்று அழைத்தேன், கீல் தேய்ந்திருந்தது. ஒரு வாஷர் போட்டு கேட்டைத் தூக்கி மாட்டிய பிறகு, குனிந்து அந்தத் துளைகளைப் பார்த்தார். ஒன்றில் மண் அடைத்திருந்தது. ஆணியால் குத்திவிட்டு, ஆணியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.