பேனாவுக்கு லாக்கர் அடிக்கக் கொடுக்க முன் இதை வாசியுங்கோ

மாங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்து மரப் பேனா கடைகிறேன். பெரும்பாலும் முதிரையும் கருங்காலியும்தான். தளபாடம் செய்கிறவர்கள் கழித்துவிடுகிற துண்டுகளே எனக்குப் போதும். போன கார்த்திகையில் ஒரு பாடசாலைப் பரிசளிப்புக்கு 45 பேனா கேட்டார்கள். கடைந்து, 600 நம்பர் வரை சாண்ட் பேப்பர் போட்டு முடித்தாயிற்று. மேலே லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சு அடிக்க மட்டும் நேரமில்லை. கிளிநொச்சிப் பக்கம் கதிரை, அலுமாரிக்கு அடிக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம்.

"ஆறு கோட் அடிச்சு நாளைக்குப் பின்னேரம் தாறன் தம்பி" என்றார். பேனா ஒன்றுக்கு 150 ரூபா. 4,000 ரூபா முற்பணம் கொடுத்தேன்.

அந்த "நாளைக்கு" என்ற சொல்லிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் தொட்டால் சீக்கிரமே காய்ந்ததுபோலத்தான் இருக்கும். லாக்கரை இளக்கக் கலக்கிற தின்னர் முழுக்க வெளியேறி, பூச்சு இறுக நாட்கள் எடுக்கும். தடிப்பாக அடித்தால் கிழமைக்கணக்கு. கதிரையை யாரும் நாள் முழுக்கக் கையில் பிடித்திருப்பதில்லை. பேனாவில் விரலின் சூடும் வியர்வையும் எந்நேரமும் படும்.

அடுத்த நாள் நல்ல மழை. போய்ப் பார்த்தால் பேனாக்களில் பாலாடை படிந்ததுபோல வெள்ளை. கருங்காலி சாம்பல் நிறத்தில் கிடந்தது. "வெயில் கண்டால் போயிடும்" என்றார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். ஈரக்காற்று அதில் பட்டு நீர் படிந்து லாக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். மாரியில் இது தெரிந்த விஷயம். மெதுவாக ஆவியாகிற ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் கலந்தால் பெரும்பாலும் தப்பலாம். கேட்டேன். "உதெல்லாம் கம்பனிக்காரர் காசு பிடுங்கிற வேலை" என்றார். மேசையில் லேபல் இல்லாத தண்ணீர்ப் போத்தலில் அவருடைய தின்னர். கிட்டப் போனால் மண்ணெண்ணெய் வாசம்.

பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். வீட்டில் பிரித்தபோது தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு முதிரைப் பேனாவில் மரண அறிவித்தலின் "கண்ணீர்" என்ற சொல் இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது. பரிசளிப்புக்குப் போகிற பேனா!

இன்னொன்றை 800 நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். நாலைந்து இழுப்பில் மரத்தூள் வந்துவிட்டது. ஆறு கோட் அடித்திருந்தால் அப்படி வராது. இரண்டு அடித்திருந்தாலே பெரிய விஷயம்.

போன் எடுத்தேன். "நீங்கள் ஈர மரத்தில கடைஞ்சிருக்கிறியள்" என்று என் தலையில் போட்டார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் நம்பருக்கு முறைப்பாடு சொல்லலாம் என்றால், என்னிடம் ஒரு துண்டுப் பில்கூட இல்லை. அது என் பிழை.

மூன்று இரவு கதவைத் திறந்துவைத்து, நல்ல தின்னர் தொட்ட துணியால் அத்தனையையும் துடைத்தெடுத்து, மெழுகு மட்டும் பூசிக் கொடுத்தேன். அதிபர் ஒன்றும் கேட்கவில்லை.

கொடுக்கிறதென்றால் முதலில் ஒரே ஒரு பேனா கொடுங்கள். பத்து நாள் வைத்து, பிறகு தாளில் சுற்றி றப்பர் பான்ட் போட்டு ஓர் இரவு விடுங்கள். தாள் சுத்தமாகக் கழன்றால் மிச்சத்தைக் கொடுக்கலாம். பில் வாங்காமல் முற்பணம் வேண்டாம்.

போன கிழமை ஒட்டுசுட்டானில் ஒரு பெடியன் தான் கடைந்த பம்பரங்களை அதே ஆளிடம்தான் கொடுக்கப்போவதாகச் சொன்னான். அதுதான் இன்றைக்கே எழுதிவிட்டேன்.