செகண்ட் ஹேண்ட் ஆப்ல போட்டோவே இல்லாத விளம்பரங்க: மும்பைல கிரைண்டர் தேடின ரிவ்யூ

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், அஞ்சுக்கு ரெண்டு. ஆப் பேரு வேணாம், மும்பைல வீடு மாத்தறவங்க, கட்டில் விக்கறவங்க, பழைய போனைத் தள்ளி விடறவங்க எல்லாரும் வச்சிருக்கற இலவச ஆப்ல அதுவும் ஒண்ணு. லாகின் ஈஸி, சாட் நல்லாவே வேலை செய்யுது, ஏரியா வாரியா தேடலாம், அதெல்லாம் ஓகே. கடுப்பு ஏத்தறது லிஸ்டிங்தான். செம்பூர், மாட்டுங்கா, சயான் பக்கம் ரெண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் தேடினேன் (வெறும் கிரைண்டர்னு அடிச்சா இரும்பு அறுக்கற மெஷினா வந்து கொட்டும், வெட் கிரைண்டர்னு அடிங்க), வந்ததுல பாதிக்கு மேல போட்டோ இருக்க வேண்டிய எடத்துல சாம்பல் கலர்ல ஒரு கேமரா சின்னம், கீழ "குட் கண்டிஷன், கால் மீ" அவ்ளோதான். விக்கறதே பழைய சாமான், அதைக் கண்ணுல கூட காட்டாம எப்படிய்யா விப்பீங்க?

விட்டுட்டுப் போகாம ஒவ்வொருத்தரா போன் போட்டுப் பேசினேன். படம் போடாததுக்குக் காரணம் ஆளுக்கு ஆள் வேற வேற, அது தெரிஞ்சா யாரை விடறது யார்கிட்ட பேசறதுன்னு கொஞ்சம் புடிபடும்.

நெறைய பேர் யாவாரிங்க. இவங்க வேணும்னேதான் படம் போடறதில்ல. படம் போட்டா அந்த ஒரு பீஸுக்கு மாட்டிக்கணும், அது வித்துட்டா விளம்பரத்தை எடுக்கணும், படம் இல்லேன்னா அதே விளம்பரம் எத்தனை பீஸ் வித்தாலும் ஓடிட்டே இருக்கும். குர்லா பக்கம் ஒருத்தர் 1,500 ரூபான்னு போட்டிருந்தார், போன் பண்ணா "வோ தோ கல் ஹீ பிக் கயா, தூஸ்ரா ஹை, வாட்ஸப் நம்பர் பேஜோ"ன்னார் (அது நேத்தே வித்துப் போச்சு, வேற இருக்கு, வாட்ஸப் நம்பர் அனுப்புங்கன்னு அர்த்தம்). நம்பர் குடுத்தேன், வரிசையா கிரைண்டர் படமா வந்துச்சு, ஒண்ணு கூட 3,500க்குக் கீழ இல்ல, அந்த 1,500 ரூபா சாமான் எப்பவாவது இருந்துச்சான்னே எனக்கு டவுட்டு. அவருக்கு வேண்டியது நம்ம நம்பர், இப்போ தெனமும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்டெபிலைசர்னு ஃபார்வர்டு வந்துட்டே இருக்கு.

செம்பூர்ல ஒரு பெரியவர், அவர் கதையே வேற. "மாமா, ஒரு போட்டோ போட்டிருந்தா இந்நேரம் வித்திருக்குமே"ன்னு கேட்டேன். "போடாம என்னப்பா, எத்தனை தடவை போட்டேன் தெரியுமோ, அது பாட்டுக்கு சுத்திண்டே இருக்கு, கடைசில எர்ரர்ங்கறது. நீ நேர்ல வந்து பாரேன், காபி சாப்டுட்டுப் போ"ன்னார். போய்ப் பாத்தா கையில ஐபோன், நியூ ஜெர்சில இருக்கற பையன் புதுசு வாங்கினப்போ பழசை இவர்கிட்ட குடுத்திருக்கான். 2017ல வந்த ஐஓஎஸ் 11 சாஃப்ட்வேர்லேர்ந்து, ஐபோன் 7ம் அதுக்கு அப்புறம் வந்த ஐபோனும், நாம செட்டிங்ஸ மாத்தாத வரைக்கும் போட்டோவை எச்இஐசிங்கற ஃபார்மட்லதான் சேவ் பண்ணும், இடம் கம்மியா புடிக்கும், ஆனா சில சைட்டும் ஆப்பும் அதை எடுத்துக்காது, ஜேபெக் இல்ல பிஎன்ஜிதான் கேக்கும். என்ன பிரச்சனைன்னு ஒரு வார்த்தை சொல்லாம எர்ரர்னு மட்டும் போட்டா அவருக்கு என்ன புரியும்? செட்டிங்ஸ்ல கேமரா, அதுக்குள்ள ஃபார்மட்ஸ், அதுல மோஸ்ட் கம்பாட்டிபிள்னு மாத்திட்டு புதுசா ஒரு போட்டோ எடுத்தோம், ஒடனே ஏறிடுச்சு. உங்க வீட்டுப் பெரியவங்க போன்லயும் மாத்தி விட்டுடுங்க.

கிரைண்டர் எப்படின்னு கேப்பீங்க. ட்ரம்ல கால் பாகம் தண்ணி ஊத்தி ஓட விட்டேன், நடுத்தண்டைச் சுத்தி இருக்கற புஷ்ங்கற வளையம் தேஞ்சிருந்தா தண்ணி அடில எறங்கி மோட்டாருக்குப் போயிடும், கீழ கை வச்சுப் பாத்தேன், காஞ்சுதான் இருந்துச்சு. குழவிக்கல்லு வழுவழுன்னு தேயல, சொரசொரப்பு இருக்கு. மாவை வழிச்சு விடற வைப்பர் மட்டும் ஓரத்துல பிஞ்சிருக்கு, அது மாத்திக்கலாம். 2,200க்கு முடிச்சு ஹார்பர் லைன் லோக்கல் ட்ரெயின்ல லக்கேஜ் பெட்டில ஏத்தி எடுத்துட்டு வந்தேன்.

தெரிஞ்சே படம் போடாத நல்லவங்களும் இருக்காங்க. சயான் கோலிவாடால ஒரு அக்கா, "முன்ன கட்டில் விக்க போட்டோ போட்டேன் தம்பி, எவனோ அதையே எடுத்து தானேல வேற விளம்பரம் போட்டுட்டான், அட்வான்ஸ் குடுத்து ஏமாந்தவன் எப்படியோ என் நம்பரைப் புடிச்சு என்னைத் திட்டறான்"னு சொன்னாங்க. அதோட வீட்டு உள்பக்கம், பூஜை ரூம், புள்ளைங்க எல்லாம் படத்துல விழுதேங்கற பயமும் அவங்களுக்கு. நியாயம்தானே.

இதுல வேடிக்கை என்னன்னா, ஏமாத்தறவன் போட்டோ இல்லாம வரவே மாட்டான். பளிச்சுன்னு நாலு கோணத்துல படம், விலை அடிமாட்டு விலை, "ஆர்மில இருக்கேன், போஸ்டிங் மாறுது, அவசரமா விக்கணும்"னு ஐடி கார்டு படம் வேற. பணம் வாங்கறதுக்கு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணச் சொல்லி பின் நம்பரும் போடச் சொன்னா அங்கயே கட் பண்ணுங்க, யூபிஐல பணம் வாங்க பின் நம்பரே தேவையில்ல. பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணணும்.

சரி, ஆப்காரங்க போட்டோ கட்டாயம்னு வச்சா என்ன? அமேசான்ல மெயின் படம் இல்லேன்னா அந்த சாமான் தேடல்லயே வராம அமுக்கிடுவாங்க. ஈபேலயும் ஒரு படமாவது கட்டாயம். பேப்பர்ல வரி விளம்பரம் குடுத்த காலத்துல வரிக்கு இவ்ளோன்னு காசு, படம் போட வழியில்ல, சரி. இப்போ படம் ஏத்தறது ஃப்ரீ. கேட்டா சட்டம் இருக்கேம்பாங்க, 2020 நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள்ல விக்கறவங்க போடற விவரமும் படமும் சாமானோட ஒத்துப் போகணும்னு இருக்கு, ஆனா தொழிலா இல்லாம சொந்த சாமானை விக்கற தனி ஆளுக்கு அந்த விதி பொருந்தாது, அந்த மாமாவும் அக்காவும் அதுல வரமாட்டாங்க, குர்லா யாவாரி வருவார். ரெண்டு பேரையும் ஒரே மாதிரி "யூசர்"னு காட்டறதுதான் ஆப்போட பெரிய தப்பு. எத்தனை லட்சம் விளம்பரம்னு பீத்திக்க எண்ணிக்கை வேணும், அதனாலதான் படம் இல்லாததையும் வடிகட்டறதில்லன்னு எனக்குத் தோணுது. கலர் வாரியா ஃபில்டர் வச்சிருக்காங்க, படம் உள்ளது மட்டும்னு ஒரு ஃபில்டர் இல்ல, கஸ்டமர் கேர்ல எழுதினா "உங்க கருத்துக்கு நன்றி"ன்னு மெஷின் பதில்.

வாங்கப் போறவங்க நம்பர் குடுக்கறதுக்கு முன்னாடி சாட்லயே, மெஷின் ஓடற சின்ன வீடியோ ஒண்ணு, பக்கத்துல ஒரு எலுமிச்சம்பழம் வச்சு எடுத்து அனுப்புங்கன்னு கேளுங்க. நெட்ல திருடின படம் வச்சிருக்கறவன் அந்தப் பழத்தை எங்கேருந்து கொண்டு வருவான், ஆள் காணாமப் போயிடுவான். பெரிய டில்டிங் கிரைண்டர் வேணும்னா இந்த ஆப் பக்கமே போகாதீங்க, தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் இட்லி யாவாரம் பண்றவங்ககிட்ட நேர்ல கேளுங்க, யாராவது ஒருத்தர் பழசை மாத்தற யோசனைல இருப்பாங்க.