சென்னையில் சும்மா உட்கார ஓர் இடம்: 18 வருட அனுபவம்

2007 ஜூன் மாதம் ஒரு சூட்கேஸோடு திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் வந்து இறங்கினேன். ஊர் அம்பாசமுத்திரம். தாமிரபரணிப் படித்துறையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பழகிய உடம்பு. இங்கே அறைக்கு மூன்று பேர். கட்டில்கள் போட்டது போக மிச்சமிருந்த இடத்தில் ஒருவன் நின்று சட்டை மாட்டினால் மற்ற இருவரும் படுத்தே கிடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் போய்விட்டால் வெளியே கிளம்புவதைத் தவிர வேறு வழியில்லை. சரி, எங்கே போவது? அன்று தொடங்கிய தேடல்தான். இப்போது வீடு, பால்கனி, பால்கனியில் ஒரு நாற்காலி எல்லாம் வந்துவிட்டது. தேடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

மிக்ஸி வாங்கிய அன்றே அதைப் பற்றி எழுதுவதில் என்ன இருக்கிறது? இரண்டு பொங்கலுக்கு மாவரைத்த பிறகு எழுத வேண்டும். இடங்களும் அப்படித்தான். முதல் தடவை போகும்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் நான் கேட்பது இரண்டே கேள்விகள். ஒன்றும் வாங்காமல் இரண்டு மணி நேரம் உட்கார விடுவார்களா? பத்தாவது தடவையும் கால் தானாக அந்தப் பக்கம் போகுமா?

வந்த புதிதில் கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்தி, காருக்குள்ளேயே தட்டை வாங்கிச் சாப்பிடுகிற ஓட்டல். எங்களுக்கு ஏது கார்? திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே போய், ஆளுக்கொரு காபியை வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டுவோம். பக்கத்து மேஜையில் மெடிக்கல் ரெப்புகள் பையைத் திறந்து கணக்கெழுதுவார்கள். இன்னொரு மேஜையில் யாரோ யாருக்கோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். ஒருவரும் எழுந்திருக்கச் சொன்னதில்லை. 2008இல் அதை மூடினார்கள். அதே இடத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா வந்தது. அழகான பூங்காதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே நுழைந்தாலே எனக்கு அந்த டிகிரி காபி ஞாபகம் வந்துவிடுகிறது. செடி என்ன செய்யும், பாவம்.

மெரினாவைப் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒன்று சொல்லலாம்: சாயங்கால மெரினா வேறு, விடியற்கால மெரினா வேறு. ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் போனால் அது ஒரு பொருட்காட்சி. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், பஜ்ஜி, பலூன் சுடுவது, குதிரை, காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற அப்பா. அதுவும் வேண்டியதுதான், ஆனால் இளைப்பாற அல்ல. காலை ஐந்தரைக்கு உழைப்பாளர் சிலைப் பக்கம் இறங்கினால் மணல் ஈரமாக, குளிர்ந்து கிடக்கும். மேன்ஷனில் குளியலறை வரிசைக்குப் பயந்து நாலரைக்கே எழுந்து குளித்துவிட்டு நான் வந்து உட்காரும் நேரம் அது. மூன்று வருடம் அப்படி ஓடியது.

அந்த மணல் பரப்பு இயற்கையிலேயே இவ்வளவு அகலம் கிடையாது. வடக்கே துறைமுகம் கட்டிய பிறகு, அலை கொண்டுவரும் மணல் தெற்குப் பக்கமே தேங்கித் தேங்கிச் சேர்ந்தது. அதன் பலனை நான் உணர்ந்தது என் அம்மாவால்தான். மூட்டு தேய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தபின் அம்மா எங்களோடு இங்கே இருக்கிறாள். ரோட்டில் நின்று பார்த்தால் கடல் ஒரு நீலக்கோடு, அவ்வளவுதான். நாற்காலியை மணலில் இறக்கினால் பத்தடி நகராது. 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மரத்தாலான நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள், 263 மீட்டர் நீளம். அடுத்த சனிக்கிழமை போகலாம், அதற்கடுத்த சனிக்கிழமை போகலாம் என்று இருந்தேன். டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதன் முன்பகுதியைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். அடுத்த வருடம் ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பலகை முடியும் இடத்தில் நிறுத்தினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எய்யா, இம்புட்டு தூரம் வந்துட்டுக் கால நனைக்காமப் போறதா?" என்றாள். அங்கிருந்தும் தண்ணீர் சற்றுத் தள்ளித்தான். டீ விற்றுக்கொண்டிருந்த பையனின் வாளியை வாங்கிப் போய்க் கடல்நீர் மொண்டு வந்து காலில் ஊற்றினேன். "உப்பா இருக்கா?" என்று கேட்டதற்கு, "காலுக்கு எப்படிலே தெரியும்?" என்றாள்.

அடுத்தது பறக்கும் ரயில். சிரிக்காதீர்கள், நிஜமாகவே எனக்கு அது ஓர் ஓய்விடம். கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் ஓடத் தொடங்கி, வேளச்சேரியைத் தொட 2007 ஆனது, அதாவது நான் வந்த வருடம். அதனால் எங்கள் இருவருக்கும் ஒரு சீனியாரிட்டிக் கணக்கு உண்டு. நிலையங்கள் பிரம்மாண்டமாக, ஆளரவமின்றிக் கிடப்பதாக எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த ஆளரவமின்மைதான் வேண்டியிருந்தது. மதியம் இரண்டு மணி வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால், மூன்றாவது மாடி உயரத்தில் ஊர் பின்னால் நகரும். சேப்பாக்கம் மைதானத்தின் விளக்குக் கம்பங்கள், திருவல்லிக்கேணி மொட்டை மாடிகளில் காயும் வற்றல், கீழே கூடவே வரும் பக்கிங்ஹாம் கால்வாய் (கோடையில் அந்தப் பக்கம் மூக்கை மூடிக்கொள்ளவும்), கிரீன்வேஸ் சாலை தாண்டியதும் சட்டென்று விரியும் அடையாறு. ஆற்றைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்துக்காகவே டிக்கெட் எடுத்த நாட்கள் உண்டு. போக வர 20 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நான்காவது பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே வண்டியை நிறுத்தி, 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப விட்டார்கள். அந்தப் பதினான்கு மாதம் வண்டி சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றதில் எனக்கு என்னமோ பாதி சாப்பாட்டில் இலையை எடுத்த மாதிரி இருந்தது. ஒரே எச்சரிக்கை: இரவு எட்டுக்கு மேல் தனியாக வேண்டாம். சில நிலையங்களின் படிக்கட்டில் நம் காலடிச் சத்தமே நம்மைப் பயமுறுத்தும்.

இனி அண்ணா நூற்றாண்டு நூலகம். இதற்கு நான் கடன்பட்டவன். 2016இல் வேலை போயிற்று. மனைவிக்குத் தெரியும். ஆனால் அப்போது மாமியார் ஊரிலிருந்து வந்து ஒன்றரை மாதம் தங்கியிருந்தார். அவர் காதுக்குப் போக வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம். தினமும் எட்டேகாலுக்கு லஞ்ச் பாக்ஸோடு "ஆபீஸ்" கிளம்புவேன். கோட்டூர்புரத்தில் இறங்கி நூலகத்துக்கு நடப்பேன். எட்டு ஏக்கரில் ஒன்பது தளம். 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திறந்தது. அடுத்த வருடமே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அரசு அறிவித்து, வழக்கு நடந்து, நீதிமன்றம் தடுத்து, ஒருவழியாகப் பிழைத்தது. அது பிழைத்ததால் நானும் ஒன்றரை மாதம் பிழைத்தேன்.

சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. முழுக்கத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். டிஎன்பிஎஸ்சி, வங்கி, யுபிஎஸ்சி. எல்லோரும் குனிந்திருக்கும்போது நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலாவது நாள், வெளியே படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்போது பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார்.

"தம்பிக்கு எந்த எக்ஸாம்?"

"எக்ஸாம் எதுவும் இல்ல சார். சும்மாதான்."

"அப்ப நம்ம கேஸு" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். ரிட்டையர் ஆனவர். வீட்டில் மருமகள் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாளாம், டிவி போட முடியாதாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தத் தளத்தில் ஏசி இதமாக இருக்கும், எந்த நாற்காலியில் தூங்கினால் தலை சாயாது என்பதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். வேலை கிடைத்தபின் பல மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது அவரைக் காணவில்லை. இப்போது என் மகளைக் குழந்தைகள் பிரிவில் விட்டுவிட்டு, நான் தமிழ் நூல்களிருக்கும் தளத்துக்குப் போய்விடுகிறேன். உட்கார இடம் வேண்டுமானால் சனி, ஞாயிறில் எட்டு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் நாற்காலி கிடைப்பது அதிர்ஷ்டம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வார நாளில், மதியத்தில், வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்கு நேராகப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்கத்தான் கூட்டம் நிற்கும். புகைப்படத்தில் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோடின் மயங்கி எழுதிய சிலை. நான் திருவெண்காட்டு அர்த்தநாரியிடம் போய்விடுவேன். ஒரே உடம்பில் இடுப்பு இரண்டு விதமாக வளைந்திருப்பதை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.

மார்கழியில் சபாக்கள். கச்சேரி ஞானம் எனக்குக் கிடையாது. மேன்ஷன் நண்பன் ஒருவன்தான், "மத்தியானக் கச்சேரிக்குப் பல சபாவில் டிக்கெட் இல்லைடா, உள்ளே ஏசி, வெளியே கேன்டீன்" என்று இழுத்துப் போனான். முதல் மூன்று வருடம் கேன்டீனுக்காகவே போனேன், அக்கார அடிசிலுக்காக வாயைத் திறந்து பொய் சொல்லக்கூடத் தயாராக இருந்தேன். நாலாம் வருடம் ஏதோ ஒரு ராகம் காதில் மாட்டிக்கொண்டது. பெயர் இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பாடுகிற இளம்பெண், மூன்று வரிசைத் தாத்தாக்கள், நான். தூங்கினாலும் தாளம் தப்பாமல் தொடையில் தட்டுகிறார்கள், அதைப் பார்ப்பதே ஒரு நிம்மதி.

தோற்றவையும் உண்டு. பெரிய மால் ஒன்றில் குளிருக்காக உட்காரப் போனேன். இரண்டு தளத்துக்கு ஒரு பெஞ்ச், அதிலும் சாய்மானம் இல்லை. பூங்கா ஒன்றில் ஆலமர நிழலில் கண் அசந்தபோது காவலாளி கம்பால் பெஞ்சைத் தட்டி, "சார், படுக்கக் கூடாது, உக்காரு" என்றார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அப்போதெல்லாம் பதினொரு மணிக்குப் பூட்டி நாலு மணிக்குத் திறந்த பூங்கா யாருக்காக என்று இன்னும் புரியவில்லை. வெயில் கொளுத்தும்போதுதானே நிழல் வேண்டும்? லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா எனக்குப் பிடிக்கும். செஸ் ஆடுகிறவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினால் ஒரு மாலை ஓடிவிடும். மெட்ரோ வேலைக்காக லஸ் சுற்றிலும் தகர வேலி அடைத்த பிறகு அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடுகிறேன்.

கடைசியாக பெசன்ட் நகர். சாயங்காலத்தில் கார் நிறுத்த இடம் தேடியே வயிறு எரியும், அதனால் நான் போவது நள்ளிரவில். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரமாக நடந்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். வார இறுதியில் நாமும் சேர்ந்துகொள்ளலாம். நான்கைந்து வருடம் போயிருக்கிறேன். பெரும்பாலும் கால் வலியும் செருப்பில் மணலும்தான் மிச்சம். 2025 ஜனவரியில் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கிக் கிடந்தன. அந்த மாதம் நடந்தவர்கள் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

உயிரோடு ஒன்றை முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. இரவு இரண்டு மணி இருக்கும். முன்னால் போன பையன் கையைத் தூக்கினான், எல்லோரும் நின்றோம். அது பின்துடுப்பால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. பின்பக்கமாகப் போய் மணலில் உட்காரச் சொன்னார்கள். விளக்கு, செல்போன் எதுவும் கூடாது. நூறு முட்டைக்கு மேல் இட்டு முடித்து, மணலைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமும் சாய்த்துத் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்தியது. என் மகள் மடியிலேயே தூங்கிப் போயிருந்தாள், எழுப்ப மனமில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருட்டில் பதினைந்து பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஆமை திரும்பித் தண்ணீருக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.