எபிரோன் ஒருநாள் சுற்றுலா: காலையில் ஒரு வழிகாட்டி, மதியம் இன்னொருவர்

2019 மார்ச்சில் பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் சபையார் புனிதப் பயணம் போனபோது கடைசி நாளை ஷாப்பிங்குக்கு விட்டிருந்தார்கள். நானும் தங்கையும் அன்று எருசலேமிலிருந்து இந்தச் சுற்றுலாவில் மேற்குக் கரையில் இருக்கும் எபிரோனுக்குப் போனோம். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் நான். இஸ்ரேல்-பாலஸ்தீன சமாதானப் பாடத்துக்கு ‘ஓஸ்லோ ஒப்பந்தம், 1993’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டதோடு சரி. அது தெருவுக்குள் இறங்கினால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இரு தரப்பும் அதன் தொடர்ச்சியாகச் செய்த 1997 உடன்படிக்கையில் ஊரையே எச்-1, எச்-2 என்று பிரித்துவிட்டார்கள். எச்-1 பாலஸ்தீன நிர்வாகத்துக்கு, எச்-2 இஸ்ரேலிய ராணுவத்துக்கு. எச்-2வில் சில நூறு யூதக் குடியேறிகள். அவர்களைச் சுற்றி முப்பதாயிரத்துக்கு மேல் பாலஸ்தீனியர். ஒரே தெருவில் அவர்களுக்கு இஸ்ரேலியச் சிவில் சட்டம், இவர்களுக்கு ராணுவச் சட்டம்.

காலையில் வந்தவர் உள்ளூர்ப் பாலஸ்தீனியர். பழைய சந்தையில் தலைக்குமேல் கம்பிவலை. மேல்மாடிக் குடியேறிகள் எறிந்த குப்பை அதில் தொங்கியது. ஷுஹதா தெரு முனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். “இதுக்கு மேல நான் வரக் கூடாதும்மா, நீங்க போங்க.” 1994 பிப்ரவரியில் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களைக் குடியேறி ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு பாலஸ்தீனியருக்கு அடைக்கப்பட்டது இந்தத் தெரு. செத்தது யார், கடை இழந்தது யார் என்று யோசித்தபடியே பூட்டிய பச்சைக் கதவுகளைத் தாண்டி நடந்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

மதியம் வந்த யூத வழிகாட்டி 1929இல் ஆரம்பித்தார். இதே ஊரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டதை நேற்று நடந்ததுபோல் சொன்னார். அன்று அரபு அண்டைவீட்டார் பல யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்களே என்று கேட்டேன். “ஆமா, அதுவும் உண்மைதான்” என்றார், மெதுவாக. காலையில் வந்த பாலஸ்தீனியரிடம் 1929 பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான் ஒரு தயக்கம். எல்லை, எருசலேம், அகதிகள் என்று பேச்சுவார்த்தை மேசையில் அடுக்குகிறார்களே, அதற்கெல்லாம் முன்னால் இந்தத் தயக்கம் கிடக்கிறது.

ஆபிரகாம் குடும்பத்தார் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று யூதரும் முஸ்லிம்களும் நம்பும் மக்பேலாக் குகைமேல் உள்ள கட்டடமும் இரண்டாகத்தான் இருக்கிறது. பள்ளிவாசல் பக்கம் ஈசாக்கு, ரெபெக்காள். ஜெப ஆலயப் பக்கம் யாக்கோபு, லேயாள். ஆபிரகாமின் கல்லறையை மட்டும் இரு பக்கத்து ஜன்னல் வழியாகவும் பார்க்கலாம்.

குறை ஒன்று: இரண்டு வழிகாட்டிகளும் எங்கள்முன் சேர்ந்து உட்காரவேயில்லை. ஒருவர் இஸ்ரேலியர் நுழையக் கூடாத பகுதியில், மற்றவர் பாலஸ்தீனியர் நடக்கக் கூடாத தெருவில். தடுப்புச் சாவடியில் எங்களைக் கைமாற்றி விட்டார்கள். அதை ஏற்பாட்டாளர்மேல் போடமுடியாது. ஆனால் கடைசியில் கண்ணாடிப் பொருள் கடைக்குக் கொடுத்த முக்கால் மணி நேரத்தைக் கேள்விகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வையுங்கள், பெண்கள் முக்காட்டுக்குத் துணி எடுங்கள், வெள்ளி, சனி வேண்டாம். 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு அங்கே கெடுபிடி மிகவும் கூடிவிட்டது. சுற்றுலா நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.