பர்மா தேக்கு அலமாரி என்று 1,83,780 ரூபாய் பறித்த ஆன்லைன் ஏலம். பழைய சாமான் வாங்குகிறவர்கள் படியுங்கள்

பழைய மரச்சாமான், கிராமபோன், பீங்கான், எனாமல் போர்டு எல்லாம் ஆன்லைனில் ஏலம் விடுகிற ஒரு தளம். பெயரைப் போட்டுவிடத்தான் ஆசை. வழக்குப் போகும் வரை போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருப்பதால் விடுகிறேன். போன 1,83,780 ரூபாயை முதலில் சொல்லிவிடுகிறேன். சீட்டு எடுத்த பணம் அது.

அப்பா தேவகோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கணக்கு எழுதியவர். அந்த வீட்டு முகப்பில் நின்ற கண்ணாடி அலமாரியைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். வீடு பாகம் பிரிந்து, இடித்து, தூண் ஒரு பக்கம் கதவு ஒரு பக்கம் என்று போய்விட்டது. செட்டிநாட்டில் இது பல வீட்டுக் கதை. நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கே போட்ட முதல் போனது. பிறகு வீடுகளைப் பராமரிக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாகக் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தன. அப்பாவின் சதாபிஷேகத்துக்கு அப்படி ஓர் அலமாரி வாங்கி வைக்க வேண்டும் என்று நெடுநாள் நினைப்பு.

அந்தத் தளத்தில் பார்த்தேன். “செட்டிநாட்டு வீட்டுக் கண்ணாடி அலமாரி, முழுக்கப் பர்மா தேக்கு, சுமார் 1910, ஒரே குடும்பத்தில் இருந்தது.” ஓரம் சீவிய பெல்ஜியம் கண்ணாடி, மேலே கொடிக்கருக்கு வேலைப்பாடு, கதவில் சின்னப் பித்தளைத் தகடு, அதில் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்துகள், மூன்று எழுத்து. நகரத்தார் வீட்டுச் சாமான்களில் விலாசம் வெட்டியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இருந்தாலும் போன் போட்டுக் கேட்டேன். எடுத்த பையன் சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. “அக்கா, எங்க ஆயா வீட்லயே இப்படி ஒண்ணு இருந்துச்சுக்கா. இதைக் கழட்டும்போது நான் கூட நின்னேன்” என்றான். பின்பக்கமும் அடிப்பக்கமும் வீடியோ அனுப்பு என்றேன். “கோடவுன்ல சுவரோட சுவரா அடுக்கியிருக்குக்கா, நாலு பேர் வேணும் இழுக்க. மரத்துக்கு நான் பொறுப்பு. பொய்யா இருந்தா அன்னைக்கே பணம் திரும்ப வந்துரும், என் நம்பர் இருக்குல்ல?” அதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பினான். பத்திரமாக வைத்திருக்கிறேன். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் அவன்.

ஏலத்தன்று ஒரே ஒரு ஐடி என்னோடு மல்லுக்கு நின்று ஏற்றிக்கொண்டே வந்தது. 1,40,000-இல் எனக்கு முடிந்தது. அதன்மேல் வாங்குகிறவர் கமிஷன் 15 சதவீதம், 21,000. கமிஷனுக்கு ஜிஎஸ்டி 3,780. பேக்கிங், லாரி வாடகை 19,000. ஆக மொத்தம் 1,83,780. முழுப் பணமும் கட்டிய பிறகுதான் வண்டி கிளம்பியது.

இறக்கி வைத்ததும் அப்பா பக்கவாட்டில் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இது தேக்கு இல்லம்மா” என்றார். வயசானவர், கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டோம். ஆடுகிற காலைச் சரிபண்ண வந்த ஆசாரி முதுகுப் பலகையைக் கழற்றினார். சாயம் ஏற்றிய பிளைவுட். மாட்டியிருந்தது எல்லாம் ஸ்டார் ஸ்க்ரூ. பிளஸ் குறி போட்ட அந்தத் திருகாணி உலகத்தில் புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். 1910 அலமாரியில் அது எப்படி இருக்கும்? பின்னால் பழுது பார்த்தபோது நாலு போட்டிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஒன்று விடாமல் எல்லாமே அதுவா? தட்டுப் பலகையை லேசாக இழைத்துக் காட்டினார். மேலே கறுப்புச் சாயம், உள்ளே வெளேரென்று ஏதோ மட்ட மரம், தேக்கின் எண்ணெய் வாசனையே இல்லை. கதவு இரண்டும் மட்டும் நிஜமாகவே பழசு. வேறெங்கோ கழற்றிய கதவுக்குப் புதுசாகப் பெட்டி அடித்து மாட்டியிருக்கிறார்கள். தகட்டைச் சுற்றி மரத்தில் பழைய தடம் எதுவுமில்லை, போன மாதம் அடித்ததுபோல இருந்தது.

இதற்கு 1,83,780 ரூபாய்!

அன்றைக்கே போன் போட்டேன். “பழைய சாமான்னா ரிப்பேர் இருக்கத்தான்க்கா செய்யும்.” படம் அனுப்பியதும் அக்கா போய் மேடம் ஆனது: “மேடம், டெலிவரி ஆன 24 மணி நேரத்துக்குள்ள மெயில் பண்ணியிருக்கணும்.” மெயில் அனுப்பிய நேரத்தைக் காட்டினேன். “உள்ளது உள்ளபடி என்றுதான் ஏலம், விதிமுறையில் இருக்கிறது” என்று பதில். உள்ளது உள்ளபடி என்றால் கீறல், உடைசல், செல்லரிப்பு. பிளைவுட்டைப் பர்மா தேக்கு என்று எழுதி விற்பதும் அதில் அடங்குமா? அடுத்தது, “நாங்கள் இடையில் இருப்பவர்கள், விற்றவரைக் கேளுங்கள்.” விற்றவர் யார் என்று கேட்டால், “அது ரகசியம்.” 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி, வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்றவரின் விவரத்தைத் தளம் கொடுத்தாக வேண்டும். அதைச் சொன்னதும் என் புகாரைத் “தீர்க்கப்பட்டது” என்று மூடிவிட்டார்கள். தீர்த்து வைத்தது என்ன தெரியுமா, அடுத்த ஏலத்துக்கு 5,000 ரூபாய் கூப்பன்! அவர்களிடமே இன்னொரு தடவை வாங்க வேண்டுமாம்.

இன்னொன்றும் கேட்டேன். 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைவேலைப்பாடுள்ள பொருளைத் தொழிலாக விற்க 1972 தொல்பொருள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 1910 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், லைசென்ஸ் நம்பர் என்ன? அதற்குப் பதிலே இல்லை. அந்தப் பையன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

இவ்வளவையும்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த ஏலப் பட்டியலைத் திறந்தால் ஒரு ஊஞ்சல் பலகை, ஒரு கணக்குப்பிள்ளை மேசை. இரண்டிலும் என் அலமாரியில் இருக்கிற அதே மூன்று எழுத்து, அதே பித்தளைத் தகடு. வேறு வேறு ஊர், வேறு வேறு குடும்பம் என்று போட்டிருக்கிறது! ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். ஒரு குடும்பத்தின் விலாசத்தை இப்படி அச்சடித்து ஒட்டுகிறவர்கள் எதற்குக் கூசுவார்கள்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தாகிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, அதனால் 1,83,780-க்கு யார் அலைவார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

என்னென்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முதுகும் அடியும் காட்டாத சாமானுக்கு ஏலம் கேட்காதீர்கள். டிராயர், கீல், திருகாணி கிட்டத்தில் படம் கேளுங்கள். என்ன மரம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஓர் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய்க் கையால் புரட்டிப் பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல். அந்த ஊஞ்சலுக்கும் மேசைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஏலம். தகட்டில் மூன்று எழுத்தைப் பார்த்து யாராவது கேட்கப் போனால், தயவுசெய்து அதற்கு முன் எனக்கு மெசேஜ் போடுங்கள், படம் எல்லாம் அனுப்புகிறேன்.