மீனா, மாத்திரையா, வல்லாரையா: மறதிக்கு எது கைகொடுக்கும்?

அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போனபோது ஆளாளுக்கு ஒன்று வாங்கி வந்தோம். அண்ணன் மீன் எண்ணெய் மாத்திரை, சித்தி வல்லாரைப் பொடி, நான் ஜிங்கோ (ஒரு மரத்தின் இலைச்சாறு) மாத்திரை. எல்லாவற்றையும் பற்றி உட்கார்ந்து படித்தது அதற்கு அப்புறம்தான். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

மீன் எண்ணெய் டப்பாவின் முன்பக்கம் 1000 மி.கி. என்று பெரிதாக இருந்தது. பின்னால் பொடி எழுத்தில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120. இந்த இரண்டும் ஒமேகா-3 என்ற கொழுப்பின் வகைகள். நாம் காசு கொடுக்கும் ஒமேகா-3 அந்த 300 மி.கி. மட்டுமே, மீதி வேறு கொழுப்பு. 100 கிராம் மத்தியில் (தெற்கே சாளை) கிட்டத்தட்ட 1 கிராம் ஒமேகா-3 இருக்கிறது. கூடவே புரதமும் வைட்டமின் பி12-உம் வருகின்றன. மாத்திரை நினைவைக் காக்குமா என்று அமெரிக்காவில் கண் நோய் உள்ள முதியவர்களிடம் 5 ஆண்டுகள் சோதித்தார்கள். 2015-இல் முடிவு வந்தது: மறதியின் வேகம் குறையவில்லை. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மறதி குறைவு என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, ஆனால் அதில் அவர்களின் மற்ற பழக்கங்களுக்கும் பங்கிருக்கலாம். எப்படியும் எனக்குக் குழம்பில் கிடக்கும் மத்திதான் மேல். மீன் தொடாதவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. மாத்திரை இருக்கிறது. ஆளி விதையில் உள்ள ஒமேகா-3 வேறு வகை, அதை உடல் மிகக் கொஞ்சமே டி.எச்.ஏ.வாக மாற்றும்.

ஜிங்கோவை நீளமாகப் பேச வேண்டியதில்லை. 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்கு தினம் இருமுறை 120 மி.கி. ஜிங்கோவோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. மறதி நோய் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

வல்லாரை விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. பிரம்மி என்ற பெயரில் சிலர் வல்லாரையையும் சிலர் நீர்ப்பிரமியையும் விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். 12 வாரம் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு நினைவுகூர்தல் ஓரளவு தேறியதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டுவது நீர்ப்பிரமிச் சாற்றில். வல்லாரைக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் பயனில்லை. துவையலாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை.

சரி, அம்மாவுக்கு என்னதான் ஆயிற்று? கவிச்சியை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அதைவிட நீண்ட காலமாக. ஒருநாள் வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இன்னொன்று தெருவிலேயே கழன்று கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை. "கால்ல பஞ்சைக் கட்டின மாதிரி இருக்கு" என்றார். டாக்டர் உடனே எழுதிக் கொடுத்தது பி12 ரத்தப் பரிசோதனை. மிகக் குறைவாக இருந்தது.

நரம்பின் மேலுறையைப் பேணுவதற்கு பி12 வேண்டும். இயல்பாக இது அசைவத்திலும் முட்டை, பாலிலும்தான் உண்டு. மெட்ஃபார்மின் அதை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவை 2-க்கு மேல். அம்மா குடித்ததோ தண்ணீர் கலந்த காபிப் பால். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் பி12 இருப்பதாகச் சொல்வார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வடிவம். ஆக இந்த ஓரிடத்தில் உணவைவிட மாத்திரைதான் எனக்கு மேல். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் 1 சதவீதம்தான் தானாக உள்ளே போகும், ஆனாலும் அது 10 மைக்ரோகிராம். நரம்பு பாதித்திருந்தால் ஊசியில் தொடங்குவார்கள். குறைபாடு இல்லாதவர் இதை விழுங்கினால் நினைவு கூர்மையாகாது. சோதித்துவிட்டு வாங்குங்கள்.

ஊசி தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. செருப்பு கழன்றால் இப்போது அம்மாவுக்குத் தெரிகிறது. பேரன்கள் பெயரை இன்னும் சில சமயம் மாற்றிக் கூப்பிடுகிறார்.